கிரீம் வைக்க இடம்

ஏற்காட்டில் எங்கள் கேட்டரிங் வகுப்புக்கு பேக்கிங் சொல்லித்தந்தவர் தினமும் சேலத்திலிருந்து பஸ்ஸில் வருவார். கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டில் ஒரு சுருக்கம் இருக்காது. சேலத்தில் போடும் அளவுக்கே இங்கும் பேக்கிங் பவுடர் போடுவார். மலை உயரத்தில் கேக் பொங்கியெழுந்து நடுவில் குழிந்துவிடும். அந்தக் குழியைச் சலிக்காமல் கிரீமால் நிரப்புவார்.

"மலையில பவுடரைக் குறைக்கணுங்க சார். எங்க ஊட்டுல நான் அப்படித்தானுங்க செய்யறேன்" என்றேன்.

"ஊட்டுல செய்யறது பலகாரம் கண்ணு. இது படிப்பு."

பரீட்சையில் என் அளவிலேயே செய்தேன். கேக் குழியவில்லை. சுற்றிச்சுற்றிப் பார்த்துவிட்டு மதிப்பெண்ணைக் குறைத்தார்.

"கிரீம் வைக்க எடமே இல்லையே சாமி!"

அவர் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. அதைத்தான் இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை.