ஈயம் போட்ட கீரை

போன மாதம் நான் வாயைத் திறந்ததில் எங்கள் மயிலாப்பூர்த் தெருவில் கீரை வியாபாரம் களைகட்டிவிட்டது. நல்லது செய்யப் போய்த்தான்...

எங்களுக்குக் கீரை கொண்டு வருபவள் கன்னியம்மா. சைதாப்பேட்டை ஆற்றங்கரையில் பாத்தி. பக்கத்துச் சாக்கடையை மறித்துத்தான் பாய்ச்சல். அந்தச் சாக்கடையின் தலைமாட்டில் பழைய பாட்டரி உடைக்கிற பட்டறை ஒன்று. என் மைத்துனன் — காலேஜில் கெமிஸ்ட்ரி வாத்தியார் — அந்தத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துப் போய்ச் சோதித்தான்.

"அத்திம்பேர், தண்ணியில ஈயம் இருக்கு. கீரையிலயும் ஏறும். அவகிட்ட சொல்லிடுங்கோ."

மறுநாள் சொன்னேன். "கன்னியம்மா, உன் கீரையில ஈயம் இருக்காம்."

"மெய்யாலுமா சார்?" என்றாள். முகம் மலர்ந்தது. ஏன் மலர்ந்தது என்று யோசிக்க எனக்கு எங்கே நேரம்? ஆபீஸ் பஸ்ஸுக்கு ஓடினேன்.

அடுத்த நாள் தெருமுனையிலிருந்தே குரல் — "ஈயம் போட்ட கீரே..."

கூடையைச் சுற்றி மாமிகள். ஈயச் சொம்பில் வைத்தால்தான் ரசம் என்று நம்புகிற தெரு இது. "கீரையிலேயே இருந்தா நல்லதுதானே? ரெண்டு கட்டு கூடப் போடு" என்றாள் எதிர்வீட்டு மாமி. என் மனைவி ஏற்கெனவே வாங்கி நறுக்க உட்கார்ந்துவிட்டாள்.

பதறிப்போய் வாசலுக்கு வந்தேன். சொம்பில் இருப்பது வெள்ளீயம், பாட்டரியில் இருப்பது காரீயம், அது விஷம் என்று விளக்கினேன். இரண்டுக்கும் ஒரே பேரை வைத்த புண்ணியவான் யாரோ? வாங்கிய கட்டுகள் கூடைக்கே திரும்பின. எதிர்வீட்டு மாமி மட்டும், "சொம்புல நல்லது, கீரையில விஷமா?" என்று முணுமுணுத்துக்கொண்டே போட்டாள்.

கன்னியம்மா கூடையைப் பார்க்கவே இல்லை.

"எம் பொண்ணு முழுவாம கீறா சார், வயித்துல புள்ள. டெய்லி இதத்தான் ஆக்கிப் போட்டுக்கினு கீறேன்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. பஸ்ஸுக்குப் பயந்து பாதி விஷயத்தைச் சொன்னவன் நான்தானே?

மைத்துனனே அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். இப்போதைக்குப் பயமில்லை, அந்தக் கீரையை மட்டும் நிறுத்துங்கள் என்றார் டாக்டர். அன்றைக்குத்தான் எனக்குச் சாப்பாடு இறங்கியது. கன்னியம்மா வேறிடத்தில், கிணற்றடியில் புதுப் பாத்தி போட்டாள். போகிற போக்கில் பட்டறையின் சாக்கடை வாயை மண் மூட்டையால் அடைத்துவிட்டும் போனாளாம்.

இந்த வாரம் அவள் குரல் மறுபடி கேட்டது. "ஈயம் போடாத கீரே..."

எதிர்வீட்டு மாமி ஜன்னலைத் திறந்தாள். "ஏண்டி, ஈயம் தீர்ந்துடுத்தா?"

பஸ் போனால் போகிறது என்று செருப்பைக் கழற்றினேன் — இந்தத் தடவை முழுசாகச் சொல்ல.