காவலாளியின் நடை

கைப்பேசி விளையாட்டுகள் செய்யும் அந்த நிறுவனம் ஒரு தையல்கடையின் மாடியில், ஒற்றை அறையில் ஆரம்பமானது. அவளையும் சேர்த்து மொத்தம் நாலு பேர். உருவங்களை நடக்கவும் ஓடவும் விழவும் வைப்பது அவள் வேலை. முதல் விளையாட்டை அவரவர் வீட்டாரைத் தவிர யாரும் தொடவில்லை. இரண்டாவதை வீட்டாரும் தொடவில்லை.

மூன்றாவதில் ஒரு காவலாளி பூனையைத் துரத்துவான். அவன் நடந்தாலே சிரிப்பு வர வேண்டும் என்றார் முதலாளி. அவள் என்ன செய்து காட்டினாலும் உதட்டைப் பிதுக்கினார். "இவன் பேங்குக்குப் போற மாதிரி நடக்குறாம்மா" என்றார். ஒரு மதியம், கை போன போக்கில், வலது காலை வீசி வைத்து, இடுப்பை ஒடித்து, ஒரு கையால் காற்றைத் துழாவும் நடை ஒன்றைச் செய்தாள். அறையே சிரித்தது. அவளும் சிரித்தாள். சிரித்து ஓய்ந்த பிறகுதான் அது தன் அண்ணனின் நடை என்று உறைத்தது. சின்ன வயதில் காய்ச்சலில் கால் சூம்பிப்போனவர். தண்ணீர் மோட்டார்களைப் பழுதுபார்த்து அவளைப் படிக்கவைத்தவர். மாற்றிவிடலாம் என்றுதான் நினைத்தாள். மாற்றவில்லை.

அந்த விளையாட்டு நிறுவனத்தைத் தூக்கி நிறுத்தியது. லிஃப்ட் வைத்த கட்டடத்தில் ஒரு தளம் முழுக்க அவர்களுடையதானது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்கள் காவலாளியை விழவைத்துச் சிரிக்கும்போது அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். அண்ணனிடம் இருந்தது பழைய பட்டன் போன். எதையும் பார்க்காமலே போன வீடுகளிலெல்லாம் தங்கை பெருமை பேசிவந்தார்.

ஆண்டு விழாவுக்கு எல்லோரும் குடும்பத்தோடு வந்தார்கள். வேலை செய்கிறவர்களுக்கு மட்டும்தான் என்று அண்ணனிடம் அவள் சொல்லிவிட்டாள். மேடைத் திரையில் காவலாளி நடக்க, நாற்காலிகளுக்கு நடுவே அண்ணனும் நடந்துவருவதை நினைத்தாலே உடம்பு கூசியது.

அடுத்த ஞாயிறு அண்ணன் வீட்டுக்குப் போனபோது அண்ணி முகம் கொடுத்துப் பேசவில்லை. பழைய மாடிக்குக் கீழே இருந்த தையல்காரர்கூட மனைவி மக்களோடு போய்வந்தாராம், நாங்கள்தான் ஆகாதவர்கள் என்று முனகிவிட்டு அடுப்படிக்குள் போனாள்.

"என்னைக் கூட்டிட்டுப் போக வெக்கமா இருந்தா சொல்லியிருக்கலாம் குட்டி" என்றார் அண்ணன். "நானே வேலை இருக்குன்னு சொல்லி நின்னிருப்பேன்."

பேசாமல் இருந்தால் அவர் அதையே நம்பிவிடுவார். சொன்னால் அதைவிட மோசம். தன் போனில் விளையாட்டைத் திறந்து அவர் கையில் கொடுத்தாள்.

காவலாளி நடந்தான், விழுந்தான், எழுந்து மறுபடி நடந்தான். அண்ணன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"இது நான்" என்றார்.

"தெரியாமத்தான் பண்ணுனேன்ணா. தெரிஞ்சப்புறமும் விட்டுட்டேன்."

"எல்லாரும் சிரிச்சாங்களா?"

"ம்."

"நீ?"

"நானுந்தான்."

போனைத் திருப்பிக் கொடுத்தார். "நல்லாத்தான் பாத்து வச்சிருக்க" என்றார். அண்ணி டீ கொண்டுவந்ததும் ஏதோ மோட்டார் பேச்சை எடுத்தார். ஒரு தடவை சிரிக்கக்கூடச் செய்தார்.

அவள் கிளம்பினால் தெருமுனை வரை கூடவே வந்து பஸ் ஏற்றிவிடுகிறவர் அவர். அன்று எழப்போகிறவர்போல நாற்காலிப் பிடியைப் பற்றினார். பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நீ போம்மா, இருட்டிடப் போகுது" என்றார்.

கேட்டைச் சாத்தும்போது திரும்பிப் பார்த்தாள். அவள் கண்ணெதிரில் நடப்பதில்லை என்று முடிவெடுத்தவராக அப்படியே உட்கார்ந்திருந்தார்.