ஒலிபெருக்கியை நிறுத்திய குற்றம்

மைக்கை நிறுத்தினால் கேஸ் வருமா? வரும். போன வாரம் கண்ணால் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். இன்னும் கோபம் ஆறவில்லை.

ஆலங்குடிப் பக்கம் ஓர் ஊர். பெயர் வேண்டாம். சாயங்காலம் சந்தைத் திடலில் பொதுக்கூட்டம். பேச வந்தவர் வெளியூர்க்காரர், நல்ல குரல். முதல் கால் மணி நேரம் விலைவாசியைப் பற்றிப் பேசினார். நானும் கைதட்டினேன். அப்புறம் ஆரம்பித்தார் பாருங்கள்... அந்த ஊர் வேதக்காரத் தெருவில் இருக்கும் கிறிஸ்தவக் குடும்பங்களை வாய்க்கு வந்தபடி ஏசினார். அந்தத் தெருப் பெண்கள் எதற்காக மாதா கோயிலுக்குப் போகிறார்கள் என்று வேறு விளக்கம் சொன்னார். கூட்டம் சிரித்தது.

மைக் செட்காரர் அந்தோணிசாமிக்கு அதே தெரு. ஒலிபெருக்கிக் குழாய்கள் இரண்டில் ஒன்றைத் தன் தெருவைப் பார்த்துப் புளியமரத்தில் கட்டியவரும் அவரேதான். வீட்டில் வயதுக்கு வந்த மகள் இருக்கிறாள். என்ன செய்வார் மனிதர்? பாட்டரி வயரைப் பிடுங்கிவிட்டார்.

அவ்வளவுதான். பேசியவர் வாயை யாரும் பொத்தவில்லை. வேண்டுமானால் தொண்டை கிழியக் கத்தியிருக்கலாம். ஆனால் சப்-இன்ஸ்பெக்டர் பாய்ந்து வந்தார்.

"கூட்டத்துக்குப் பர்மிஷன் இருக்கு. நிறுத்துறதுக்கு ஒனக்கு எவன்டா பர்மிஷன் குடுத்தான்?"

கலகம் உண்டாக்க முயன்றதாக அந்தோணிசாமி மேல் கேஸ். ஆம்ப்ளிஃபயர் பறிமுதல். அது இல்லாவிட்டால் அவர் வீட்டில் அடுப்பு எரியாது.

பேச்சுரிமைக்காக இந்தப் பத்தியில் எத்தனை வாரம் மல்லுக்கு நின்றிருக்கிறேன்! கருத்துச் சொன்னவனை உள்ளே தள்ளும் சட்டம் எனக்கு இன்றும் பிடிக்காது. ஆனால் மதத்துக்கு மதம் பகை மூட்டினால் குற்றம் என்று ஒரு சட்டம் இருக்கிறதே — அது யாருக்காக? மூட்டியவர் கழுத்து மாலையோடு பஸ் ஏறிப் போகிறார். தடுத்தவர் ஸ்டேஷனில் நிற்கிறார். அயோக்கியத்தனம் இல்லையா இது?

மறுநாள் காலை, பேச்சாளர் மேல் புகார் கொடுக்க அந்தோணிசாமியோடு நானும் போனேன். புகார் எழுதும் ஸ்டேஷன் ரைட்டர் மரியாதைக்காரர்.

"வாங்க, உக்காருங்க. அவரு பேசுனத அப்பிடியே சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

சொன்னேன். மூன்றாவது வார்த்தையில் பேனா நின்றுவிட்டது.

"அய்யய்யோ, இதைப் போயி எழுதச் சொல்றீங்களே! இன்ஸ்பெக்டர் ஐயா பாக்குற புத்தகங்க. ஏதோ தகாத வார்த்தைன்னு போட்டுக்கிறேன்."

என்ன வார்த்தை என்றே இல்லாத புகார் கோர்ட்டில் நிற்குமா? நிற்காது என்று அவருக்கே தெரியும்.

அந்தோணிசாமி சொன்னார்: "ஒங்களுக்கு எழுதவே கூசுதுங்க. எம் மக அங்கிட்டு அடுப்படியில ஒக்காந்து பூராத்தையும் கேட்டுருக்குங்க. நேத்துலேருந்து வாசப்படி தாண்டலை."

ரைட்டர் புத்தகத்தை மூடினார்.

அவரை நாலு வார்த்தை திட்டத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுதி முடித்துப் படித்துப் பார்க்கிறேன்... அந்த மூன்று வார்த்தைகளை நானும் எழுதவில்லை.