வீடெங்கும் பச்சை விளக்கு

தீப்பிடிக்காத கட்டடத்தைப் பார்த்தால் சந்தேகப்படுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர் அவர். நீளமான கம்பின் நுனியில் புகை டப்பாவை மாட்டி, ஏணியில் ஏறி, கூரையில் இருக்கும் தீ எச்சரிக்கைக் கருவியின் மூக்கில் கொஞ்சம் புகை காட்டுவார். மணி அலறும். அலுவலகமே வாசலுக்கு ஓடும். "பயப்படாதீங்க, சும்மா டெஸ்ட்டு" என்றபடி நிதானமாக இறங்கி வருவார். யாராவது ஓடாமல் டீயை உறிஞ்சிக்கொண்டிருந்தால் அன்றைக்கு முழுக்க அவர் மனம் ஆறாது. தெரு அவருக்குச் 'சைரன்' என்று பெயர் வைத்திருந்தது. மனைவி மட்டும் "என்னங்க" என்பாள்.

அப்பேர்ப்பட்ட சைரன் சில மாதங்களாகச் சிரிக்கவில்லை. கம்பெனி ஆட்களைக் குறைத்து, மூன்று பேர் பார்த்த கட்டடங்களை இவர் தலையில் கட்டியதிலிருந்தே இப்படி. விடியுமுன் விழிப்பு, எதைச் சாப்பிட்டாலும் வைக்கோல். ஏணியில் அவர் கால் நடுங்குவதைப் பார்த்த மேலாளர், "டாக்டர் சரின்னு சொன்னாத்தான் இனிமே ஏணி. இல்லேன்னா ஆபீஸ்ல நாற்காலி" என்று சொல்லிவிட்டார். நாற்காலி! மணியே அடிக்காத ஒரு வாழ்க்கையை நினைத்தபோது சைரனுக்குக் கண் கலங்கியது.

மனைவி கூட வர, டாக்டரம்மாவிடம் போனார்.

"டென்ஷன் வந்தா உடம்பு கார்டிசால்னு ஒரு ஹார்மோனை விடும். உங்க அலாரம் மாதிரிதான். ஆபத்து வந்தா அடிக்கணும், போனா நிக்கணும். உங்களுக்கு நிக்கவே மாட்டேங்குது. மூளையில செரட்டோனின்னு ஒண்ணு இருக்கு. மனசு, தூக்கம், பசி எல்லாத்துலயும் அதுக்குப் பங்கு உண்டு. மாசக்கணக்கா அலாரம் அடிச்சா, அது சொல்றத வாங்கிக்கற இடங்கள்ல சிலது மந்தமாயிடலாம்."

"புரியுது டாக்டர். ஓயாம மணியடிச்சா ஜனங்க காதுல பஞ்சு வச்சுக்குவாங்க. அப்புறம் நல்ல சேதியோட ஒருத்தன் வந்து கதவத் தட்டினாலும் கேக்காது."

"ஏறக்குறைய அப்படித்தான்."

"அப்ப செரட்டோனின் எவ்வளவு மிச்சமிருக்குன்னு ஒரு டெஸ்ட் எடுத்துடலாமா?"

"மூளைக்குள்ள நடக்கறத ரத்தத்துல பாத்துச் சொல்ல முடியாதுங்க. லீவு போடுங்க, நடங்க, தூங்குங்க. அடுத்த மாசம் வாங்க, பாக்கலாம்."

இத்தனையிலும் மனைவியின் காதில் விழுந்தது ஒன்றுதான்: டென்ஷன் கூடாது. வீடு திரும்பியதும் மகளையும் தன் தம்பியையும் சமையலறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தி அவசரச் சட்டம் பிறப்பித்தாள். "கெட்ட சேதி ஒண்ணுகூட இவரு காதுல விழக்கூடாது. யாரு மூஞ்சியிலயும் சிரிப்பு குறையக் கூடாது. தெரிஞ்சுதா?"

இந்தச் சட்டத்துக்காகவே காத்திருந்ததுபோல வாஷிங் மெஷின் நின்றது. மகள் ஸ்கூட்டரை வாசல் தூணில் முட்டி விளக்கை உடைத்தாள். மைத்துனன் கேட்காமல் எடுத்த சைரனின் டிரில் மெஷின் அவன் கையிலேயே புகைந்து கருகியது. ஈரத்துணி ரகசியமாகப் பக்கத்து வீட்டுக்குப் போய் வந்தது. ஸ்கூட்டர் போர்வைக்குள் போனது. டிரில் கட்டிலுக்கடியில் தலைமறைவானது. மூவரும் தாடை வலிக்கச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

சைரன் மூன்று சிரிப்பையும் மாறி மாறிப் பார்த்தார். எல்லா விளக்கும் பச்சையாக எரிகிற கட்டடத்தில் எங்கோ ஒயர் அறுந்திருக்கிறது என்பது அவருடைய அனுபவம். இருந்த கொஞ்சத் தூக்கமும் போயிற்று. கூரையைப் பார்த்துப் படுத்தபடி ஒரு முடிவுக்கு வந்தார்: தனக்குத் தீராத வியாதி, டாக்டர் மனைவியிடம் மட்டும் சொல்லியிருக்கிறார்.

மறுநாள் மாலை மைத்துனனை அருகில் அழைத்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "மச்சான், எனக்கப்புறம் அந்த டிரில் மெஷினை நீயே வச்சுக்கோ. உன்கிட்டதான் அது பத்திரமா இருக்கும்."

கல்லும் கரையும் இடம் அது. மைத்துனன் குலுங்கிக் குலுங்கி அழுதான். "அத்தான்... உங்களுக்கு முன்னாடியே அது போயிடுச்சு அத்தான்!"

"என்னடா சொல்ற?"

"வாய மூடுடா!" என்று சமையலறையிலிருந்து அக்காள் ஓடி வருவதற்குள், டிரில், ஸ்கூட்டர், வாஷிங் மெஷின் எல்லாம் வரிசையாக வெளியே வந்து விழுந்துவிட்டன.

"அப்ப எனக்கு வியாதி இல்லையா?"

"உங்களுக்கு என்ன கேடு? நாங்கதான் சிரிச்சுச் சிரிச்சே செத்துக்கிட்டிருக்கோம்!"

பிறகு அலறினார் பாருங்கள், பெயருக்குக் குறை வைக்காத அலறல். தெருக்கோடி வரை ஜன்னல்கள் திறந்தன. கத்தி முடித்த கையோடு திருப்புளியை எடுத்து வாஷிங் மெஷினின் வயிற்றைப் பிளந்தார். தண்ணீர் போகும் வழியில் சிவப்பாக ஒன்று சிக்கியிருந்தது. அவருடைய புகை டப்பாவின் மூடி. அவருடைய சட்டைப்பையிலிருந்து துணியோடு போனது.

"என்னங்க, அது என்ன?" என்றாள் மனைவி, வேண்டுமென்றே.

சைரன் மூடியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். முதலில் தோள் குலுங்கியது. அப்புறம் தரையில் உட்கார்ந்து சிரித்தார். மெஷினை ஓடவிட்டு, இரண்டு தட்டுச் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டுப் படுத்தவரை மறுநாள் வெயில்தான் எழுப்பியது. அதன்பிறகு வீட்டில் சண்டை வந்தது, கெட்ட சேதி வந்தது, வந்த மாதிரியே போகவும் செய்தது. லீவும் நடையும் தம் பங்குக்கு வேலை பார்த்தன.

அடுத்த மாதம் டாக்டரம்மா அவரைத் தட்டிப் பார்த்து, கேட்டுப் பார்த்து, கால் நடுக்கம் இல்லையென்று உறுதி செய்துகொண்டார். "தூக்கம், பசி எல்லாம் திரும்பிடுச்சே! வீட்ல அமைதியாப் பாத்துக்கிட்டீங்க போல?"

"மூச்சு விடற சத்தம்கூடக் கேக்காதுங்க டாக்டர்" என்றாள் மனைவி, கண் இமைக்காமல்.

ஏணி ஏறலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட டாக்டரம்மா குனிந்தார். சைரனின் பார்வை அதற்குள் கூரைக்குப் போய்விட்டது.

"டாக்டர், உங்க அலாரத்த யாரு, எப்ப டெஸ்ட் பண்ணாங்க?"

டாக்டரம்மாவின் பேனா நின்றது. "ஏன், ஏதாவது பிரச்சனையா?"

"நீங்க முதல்ல கையெழுத்துப் போடுங்க. திங்கக்கிழமை கம்போட வர்றேன்."