நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு?

1. தண்ணி லாரி

நர்சிங் கல்லூரியில் எங்கள் முதல் வருடம். மருந்தளவுக் கணக்குக்கான டோசேஜ் டெஸ்ட் முடிந்ததும் ஃபிலோமினா மேடம் என் விடைத்தாளை வகுப்புக்கே தூக்கிக் காட்டினார்.

“ஐநூறு எம்.எல். சலைன், நாலு மணி நேரத்துல ஏறணும். நம்ம கவிதா நிமிஷத்துக்கு ரெண்டாயிரத்து ஐநூறு சொட்டு விடுறா. இது ட்ரிப்பா, தண்ணி லாரியா?”

வகுப்பே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அந்த டெஸ்டில் பாஸ் ஆகாதவர்களுக்கு வார்டு போஸ்டிங் கிடையாது. மற்றவர்கள் வெள்ளை யூனிஃபார்மில் வார்டுக்குப் போக, நானும் ரெஹானாவும் மட்டும் டெமோ ரூமில் பொம்மை நோயாளியோடு உட்கார்ந்திருந்தோம். மறுபடியும் ஃபெயில் என்றால் முதல் வருடத்தையே திரும்பப் படிக்க வேண்டும்.

2. ஆளுக்குப் பாதி

ப்ளஸ் டூவில் கணக்கே இல்லாத குரூப்பாகத் தேடிப் பிடித்துச் சேர்ந்தவள் நான். ஐந்தாம் வகுப்பின் நடுவில் பள்ளி மாறினேன். பழைய பள்ளியில் பின்னம் ஆரம்பிக்கவில்லை, புதிய பள்ளியில் முடித்துவிட்டார்கள். ரெஹானாவின் அப்பா டெய்லர். கால், அரை, முக்கால் எல்லாம் அவளுக்கு வீட்டுப் பேச்சு. ஆனால் ஆறாம் வாய்ப்பாட்டைத் தாண்டி அவள் போனதே இல்லை.

“மச்சி, உனக்கு வாய்ப்பாடு வரும், எனக்கு பின்னம் வரும். ரெண்டு பேரையும் சேத்தா ஒரு முழு ஸ்டூடண்ட்டுடி!” என்றாள்.

“டெஸ்ட்ல பக்கத்துல பக்கத்துல உக்கார விடுவாங்களா?”

“மாட்டாங்க.”

“அப்போ கத்துக்கத்தான் வேணும்.”

பொம்மையின் கால்மாட்டில் நோட்டை விரித்தோம். “ஒரு எம்.எல்.லுக்கு இருபது சொட்டு, அது மேல. ஒரு மணிக்கு அறுபது நிமிஷம், அது கீழ. ரெண்டையும் இருபதால வெட்டு,” என்றாள் ரெஹானா. நான் தயங்கினேன். “சும்மா வெட்டு மச்சி! தப்பா வெட்டினா துணியா வீணாப் போவுது?”

வெட்டினேன். மேலே ஒன்று, கீழே மூன்று. அவ்வளவுதானா! அன்று கண்ணில் பட்ட பின்னத்தையெல்லாம் வெட்டித் தள்ளினேன்.

3. வாய்ப்பாட்டு பஸ்

அவளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தது மயிலாப்பூரிலிருந்து திருவான்மியூர் போகும் பஸ்ஸில். சாயங்கால நெரிசலில், அடையாறு சிக்னலில் வண்டி நகரவே நகராது.

“எட்டேழு?” என்று கத்தினேன். ரெஹானா கம்பியைப் பிடித்தபடி கூரையைப் பார்த்தாள்.

“அம்பத்தாறு!” என்றார் பின்சீட்டில் பூக்கூடையோடு இருந்த அம்மா.

“அவளைச் சொல்ல விடுங்கக்கா!”

“இன்னாமா, ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கினு கீறீங்களா?” என்று கண்டக்டர் வந்தார். விஷயத்தைச் சொன்னதும் விசிலை ஊதினார். “யாரும் பதில் சொல்லக் கூடாது! அந்தப் பொண்ணுதான் சொல்லணும். ஒம்போதெட்டு இன்னா?”

“எழுபத்திரண்டு!” என்றாள் ரெஹானா. பஸ்ஸே கை தட்டியது. வெட்கத்தில் இருவரும் ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி, வீடு வரை சிரித்துக்கொண்டே நடந்தோம்.

4. முதல் ட்ரிப்

அடுத்த டெஸ்டில் எங்களை வகுப்பின் இரண்டு மூலைகளில் உட்கார வைத்தார்கள். இருவரும் பாஸ்.

வார்டில் என் முதல் நோயாளி, கடற்கரைக் குப்பத்தில் மீன் விற்கும் அம்மா. ஒரு லிட்டர் சலைன், எட்டு மணி நேரம். பேப்பரில் போட்டேன், வெட்டினேன், விடையைத் திருப்பிப் பெருக்கியும் பார்த்தேன். சீனியர் சிஸ்டர் சரிபார்த்துத் தலையசைத்தார். வாட்சைப் பார்த்துக்கொண்டே ட்ரிப் குழாயில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் உருளையை நகர்த்தினேன். ஒரு நிமிடத்துச் சொட்டுகளை எண்ணி முடித்ததும், என்னை அறியாமல் கத்திவிட்டேன்.

“நாப்பத்திரண்டு!”

அந்த அம்மா கண்ணைத் திறந்தார். “அய்ய, எனக்கு அறுவது தாண்டிப் போச்சு கண்ணு,” என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

இன்று நான் வார்டு இன்சார்ஜ். கணக்கு வராது என்று கூசி நிற்கும் புதுப் பெண்களிடம் ஒன்றுதான் கேட்பேன்: “எந்த கிளாஸ்ல விட்டுப் போச்சு?” அந்த வகுப்புப் பாடத்திலிருந்தே தொடங்குங்கள் என்பேன். ஐந்தாம் வகுப்புப் பாடம் என்று வெட்கப்படாதீர்கள். கல்லூரி வயதில் அதைக் கற்றுக்கொள்ள ஒரு வருடம் ஆகாது. சில பஸ் பயணங்களே போதும்.