கதவுக்கு வெளியே ஓர் அட்மிரல்

மகளின் வகுப்பை அடுத்த வாரம் படகில் கூட்டிப்போகிறார்கள். சம்மதம் சொல்லிவிட்டேன். சொன்னது சரிதானா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நான் பள்ளிப் பிள்ளையாக இருந்தபோது என் அம்மாவுக்கும் ஒருமுறை இதே தயக்கம் வந்தது. அதைத் தீர்க்க ஓர் அட்மிரலே வரவேண்டியிருந்தது.

நொர்வேயில், எல்லிங்ஸ்ருட்டில் எங்கள் மேல்மாடியில், தன் மகளோடு ஒரு போலந்துக் கிழவர் வந்து தங்கியிருந்தார். குடியிருப்பார் சேர்ந்து முற்றம் கூட்டும் டுக்னாட் நாளில், தும்புத்தடிகளை அணிவகுக்க வைத்து எல்லோரையும் வேலை வாங்கினார். முடிவில் வாஃபிள் தின்றபடி, சனிக்கிழமை பிள்ளைகளைத் தன் படகில் மீன்பிடிக்கக் கூட்டிப்போவதாகச் சொன்னார். நான் அம்மாவிடம் ஓடினேன். கேட்டதும் விடவேண்டும் என்பதற்காக அவருடைய பெருமையையும் சேர்த்துச் சொன்னேன்.

"அவர் போலந்து நேவியிலை அட்மிரலா இருந்தவராம், அம்மா!"

அம்மாவின் வாஃபிள் நிலத்தில் விழுந்தது.

"நீ போகேலாது."

"இஞ்சரும், அது போலந்து நேவி, எங்கடை ஊர்க் கடலிலை நிண்ட நேவி இல்லை," என்றார் அப்பா.

"நேவி எண்டால் நேவிதான். நீங்கள் சும்மா இருங்கோ."

அம்மா பயப்படுகிறார் என்று மேல்மாடியில் போய் அட்மிரலிடம் சொன்னேன். தன் படகோட்டும் திறமையில்தான் சந்தேகம் என்று அவர் எடுத்துக்கொண்டார் போலும். சனிக்கிழமை காலை கருநீலச் சீருடை, தோளில் பொன்பட்டி, மார்பு நிறையப் பதக்கங்களோடு வந்து மணியடித்தார்.

கதவுத் துளையால் பார்த்த அம்மா, என்னை இழுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய் உள்ளே பூட்டிக்கொண்டார். இடுப்பில் வெறும் சாரத்தோடு நின்ற அப்பா, வீட்டில் யாரும் இல்லை என்று உள்ளிருந்தே நொர்வேஜிய மொழியில் அறிவித்தார்.

"பரவாயில்லை, உங்களிடமே சொல்கிறேன்," என்று அட்மிரல் வெளியே நின்றபடி தன் உத்தியோக வரலாற்றைத் தொடங்கினார். புயலிலும் கேட்கும் குரல். நான் அம்மாவுக்கு மொழிபெயர்த்தேன்.

"முதல் கண்ணிவெடி அள்ளுற கப்பலாம். பிறகு கப்டனாம். அட்மிரல் ஆக்கினாப்பிறகு கப்பலே குடுக்கேல்லையாம். மேசைதானாம்."

"பாவம்," என்றார் அம்மா வாய்தவறி. பிறகு மெதுவாக, "மீன்பிடி வள்ளங்களை என்ன செய்தவர் எண்டு கேள்."

இதென்ன கேள்வி என்று நினைத்தபடி கத்திக் கேட்டேன். வந்த பதிலை அம்மாவுக்குச் சொன்னேன்.

"புயலுக்கை அம்பிட்டால் கட்டி இழுத்துக் கரை சேர்க்கிறதாம். வேறை என்ன செய்யிறது எண்டு கேக்கிறார்."

அம்மா குழாயைத் திறந்து வெகுநேரம் முகம் கழுவினார். பிறகு தானே போய்க் கதவைத் திறந்தார். அட்மிரல் சல்யூட் அடித்தார். அம்மா ஓரடி பின்வாங்கி, பிறகு உள்ளே அழைத்துத் தேநீரும் வடையும் வைத்தார்.

அவர் கொண்டுவந்த லைஃப் ஜாக்கெட்டை வீட்டிலேயே மாட்டிக்கொண்டு அம்மாவும் புறப்பட்டார். மெட்ரோ ரயிலில் எல்லோரும் பார்த்தார்கள். நான் வெட்கத்தில் வேறு இருக்கைக்குப் போனேன்.

கடலில் ஒரு சின்ன மீன்படகு எதிரே வந்தது. அட்மிரல் வேகத்தைக் குறைத்து, அதற்கு வழிவிட்டுக் கையசைத்தார். அம்மா அழுதார். காற்று கண்ணில் பட்டது என்றார். நானும் நம்பி, தூண்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுச் சுவர்ப் படத்தில், பருத்தித்துறைக் கரையில் தன் மீன்பிடி வள்ளத்தில் சாய்ந்து சிரிக்கும் மாமாவுக்கு, அம்மாவின் தம்பிக்கு, ஏன் வயதே ஏறுவதில்லை என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.