பைய என்று நான் சொன்னது

அந்த அம்மாளை நினைத்தால் எனக்கு முதலில் கண்ணுக்கு முன்னால் வருவது அவர் கையிலிருந்த மர அடிக்கோல்தான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கோடு போட வைத்திருப்பார்களே, அது. கடைக்கு வந்தவர்கள் ஒரு தோல் பையைக் காட்டச் சொன்னால், அந்தக் கோலைப் பையின் பிடிக்குள் நுழைத்து, மேலே தூக்கி, அவர்கள் முன்னால் மெல்ல இறக்குவார். கை படாது. அவர் பம்பாயில் ஐயமார் நிறைந்த மாட்டுங்காவிலிருந்து வந்தவர். பெயர் என்னவென்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. மாட்டுங்கா அம்மா என்றே மனதில் வைத்துக்கொண்டேன், இன்று வரைக்கும் அப்படித்தான்.

அறுபதுகளின் நடுவில் ஒரு வருஷம். நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகித் தாராவிக்கு வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. வீட்டுக்காரர் தோல் பட்டறையில் வெட்டும் வேலை. நான் வீட்டிலிருந்தே பைகளுக்கு ஓரம் பின்னிக் கொடுப்பேன். ஓரத்தில் குத்தூசியால் துளை போட்டு, மெல்லிய தோல் வாரை உள்ளே விட்டு வெளியே எடுத்து, சடை மாதிரிப் பின்னிக்கொண்டே போக வேண்டும். எங்கள் முதலாளி மேலப்பாளையத்துக்காரர், நல்ல மனுஷர். அதுவரை தோல் பதனிட்டு விற்றவர், பைத் தொழிலுக்குப் புதிது. கட்டாக வீட்டுக்கு வரும் பை கட்டாகத் திரும்பிப் போகும். அதில் எத்தனை பெண்களின் கை எத்தனை நாள் பட்டது என்று அவருக்குத் தெரியாது.

சர்ச்கேட் ஸ்டேஷன் பக்கம் ஒரு மைதானத்தில் தொழில் கண்காட்சி போட்டார்கள். அதில் ஒரு கடை பிடித்த முதலாளி, பின்னுகிற கையை ஜனங்கள் நேரில் பார்த்தால் நன்றாக இருக்கும் என்று என்னைக் கூப்பிட்டார். "வெள்ளி, சனி ரெண்டு நாள் வேலை தங்கச்சி. ஞாயித்துக்கிழமை லாரி புடிச்சு எல்லாரும் குடும்பத்தோட ஜூஹு பீச்சுக்குப் போறோம். ஒரே குஷிதான்!" என்றார். நான் தலையை ஆட்டியது அந்த ஞாயிற்றுக்கிழமைக்காக. அதுவரை நான் கடலைப் பார்த்ததில்லை. மாகிம் பக்கத்திலேயே கடல் இருக்கிறது என்பார்கள். கூட்டிப்போக ஆள் வேண்டாமா? எனக்குத் தெரிந்த பம்பாய் தண்ணீர்க் குழாயும் எங்கள் சந்தும் மாட்டுங்கா மார்க்கெட்டும்தான்.

கடையில் ஒரு பலகை மேடை. சுற்றிலும் கயிறு கட்டியிருந்தார்கள். நடுவில் நான். தலைக்கு மேலே இங்கிலீஷில் ஒரு போர்டு. அதில் என்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் காலை முதல் சாயங்காலம் வரைக்கும் அதன் கீழே உட்கார்ந்திருந்தேன். வருகிறவர்கள் என் விரலைப் பார்த்தார்கள், காலைப் பார்த்தார்கள், மூக்குத்தியைப் பார்த்தார்கள். ஒரு சேட்டம்மா, "யே போல்தீ ஹை கி நஹீ?" என்று கேட்டாள். இது பேசுமா பேசாதா என்று. அவள் கூட வந்தவர்கள் சிரித்தார்கள். கக்கூஸ் எங்கே இருக்கிறது என்று யாரிடம் கேட்பது? அதனால் தண்ணீரே குடிக்கவில்லை. கயிற்றைத் தூக்கிவிட்டு வெளியே போக ஒரு நொடி போதும், ஆனால் அந்தக் கயிறு எனக்குச் சுவர் மாதிரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை என்று நினைத்துக்கொண்டே பின்னினேன்.

இங்கிலீஷ் பேசத்தான் மாட்டுங்கா அம்மாவை அமர்த்தியிருந்தார் முதலாளி. முப்பது வயதிருக்கும். முதல் நாள் மத்தியானம் அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தயிர்சாதம் சாப்பிட்டார். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. கை கழுவிவிட்டு வந்து அவராகவே பேசினார். "தப்பா நினைச்சுக்காதேடி பொண்ணே. ஆத்துக்காரருக்கு வேலை போயிடுத்து. ஆபீஸ் வேலைன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். தோல் கடைன்னு தெரிஞ்சா என் மாமியார் தலையில தண்ணி கொட்டிண்டாலும் உள்ள சேர்க்கமாட்டா." பிறகு என்னைக் கூர்ந்து பார்த்து, "நீ கார்த்தாலேருந்து எழுந்திருக்கவே இல்லையே, வா" என்று கயிற்றைத் தூக்கிப் பிடித்தார். பின்பக்கம் இருந்த கக்கூஸுக்குக் கூட்டிப்போய், நான் வரும்வரை வெளியே காவல் நின்றார்.

சனிக்கிழமை சாயங்காலம் ஒரு வெள்ளைக்காரர் வந்து வெகுநேரம் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அம்மாவிடம் ஏதோ கேட்டார். "எத்தனை நேரமாகும்னு கேக்கறார், சொல்லு" என்றார் அம்மா.

நான் அப்போது பையின் வாய் ஓரத்தைப் பின்னிக்கொண்டிருந்தேன். குனிந்தபடியே, "பைய முடிச்சா ஒரு நாளாகும்மா" என்றேன்.

அம்மா ஒரு விரலைக் காட்டி இங்கிலீஷில் சொன்னார். வெள்ளைக்காரருக்கு ஒரே ஆச்சரியம். முதலாளியிடம் ஏதேதோ பேசிக் கை குலுக்கிவிட்டுப் போனார். முதலாளி முகமெல்லாம் சிரிப்பாக என்னிடம் வந்தார். "தங்கச்சி, நாளைக்குக் காலைல புதுப் பை ஒண்ணை எடுத்துச் சாயங்காலத்துக்குள்ள பின்னி முடிச்சிரு. கண்ணால பாக்கணுங்காரு. பாத்துட்டா பெரிய ஆர்டரு. திங்கக்கிழமை அவருக்குக் கப்பலு. ஜூஹு எங்க ஓடிரப் போவுது?"

ஒரு முழுப் பைக்கு மூன்று நாள் வேண்டும். நான் தலையை ஆட்டினேன். ஏன் ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது. இத்தனை பேர் பார்க்கும்போது எனக்கு ஆட்டத்தான் வரும். வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர், "ஒரு நாள்லயா? எதுக்குட்டி ஒத்துக்கிட்ட?" என்று கத்தினார். நம் இரண்டு வயதுப் பிள்ளை லாரி ஏற ஆசைப்படுகிறாள், நீங்கள் அவளைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று மட்டும் சொன்னேன். மறுநாள் காலையில் லாரி ஒரு பக்கம் போனது, நான் மாகிம் ஸ்டேஷன் பக்கம் நடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு வாய் ஓரத்தில் கால்வாசிகூட முடியவில்லை. அவசரத்தில் ஊசி விரலில் ஏறி ரத்தம் வந்தது. அம்மா பார்த்துவிட்டார்.

"ஏண்டி இப்படிப் பதறறே? பையை முடிக்க ஒரு நாள்னு நீதானே சொன்னே?"

"நான் பையைச் சொல்லல்லம்மா. பைய முடிச்சான்னுதான் சொன்னேன்."

"அதான் நானும் சொல்றேன். பைய."

"பைய இல்லம்மா, பைய... பைய நடன்னு சொல்லுவோம்லா? மெதுவா. இந்த வாய் ஓரம் மட்டும் மெதுவா முடிச்சா ஒரு நாளாகும்."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "ஈஸ்வரா! இங்கிலீஷ்ல தப்பு வந்துடுமோன்னு ரெண்டு நாளாப் பயந்துண்டிருக்கேன். தமிழ்லயா தப்பு வரணும்?" அவர் சிரிக்க நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதுவிட்டேன்.

"இன்னிக்கு நீ என்ன பண்றதா இருந்தே?"

"கடல் பாக்கதா இருந்தோம்மா. நான் பாத்ததே இல்ல."

அம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. "அசடே! மூணு நாளாக் கடலுக்குப் பக்கத்துலேதானே உக்காந்திண்டிருக்கே. ஸ்டேஷனைத் தாண்டி நேரே போனா பத்து நிமிஷம்."

ரயிலில் குனிந்த தலை நிமிராமல் வந்திருக்கிறேன், யாரும் எனக்குச் சொல்லவுமில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை. நான் அசையாமல் இருந்தேன். மேடை காலியாக இருந்தால் முதலாளி என்ன சொல்வார்? அம்மா அடிக்கோலை மேசைமேல் வைத்தார். கயிற்றைத் தாண்டி மேடை ஏறி, "தள்ளு" என்றார். சம்மணம் போட்டு உட்கார்ந்தார். என் மடியிலிருந்த பையை இரண்டு கையாலும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். ஒரு தடவை கண்ணை இறுக்கி மூடித் திறந்தார். "எந்தத் துளையில விடணும்? காட்டிட்டுப் போ. போடி, ஓடு. நேரே போ, திரும்பாதே."

பம்பாயில் தெரியாத ரோட்டில் நான் தனியாக நடந்தது அதுதான் முதல் தடவை. கார்களுக்கு நடுவே ரோட்டைக் கடக்கத் தெரியாமல் நின்று, ஒரு ஆயாவின் புடவை ஓரமாகவே நடந்து கடந்தேன். கடல் வந்தது. அது எப்படி இருந்தது என்று சொல்ல எனக்குப் படிப்புப் பற்றாது. இரண்டு நாள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இங்கே நான் பார்த்தேன், அது என்னைக் கவனிக்கவே இல்லை. அதுவே பெரிய நிம்மதியாக இருந்தது. பத்து மூச்சு இருக்கும், திரும்பி ஓடி வந்துவிட்டேன்.

வந்து பார்த்தால் கடை முன்னால் கூட்டம். லாரியை அனுப்பிவிட்டு வந்த முதலாளி கூட்டத்தில் எக்கிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டு ஏழு துளை பின்னியிருந்தார், ஏழும் கோணல். சாயங்காலம் வெள்ளைக்காரர் வந்தபோது வாய் ஓரம்கூட முடியவில்லை. அம்மா எழுந்து நின்று, தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி அவரிடம் இங்கிலீஷில் சொன்னார். தப்பு என்னுடையது என்று சொல்கிறார் என்பது எனக்கே புரிந்தது. வெள்ளைக்காரர் தலையசைத்துவிட்டு ஆர்டர் எதுவும் கொடுக்காமல் போனார். முதலாளி யாரையும் திட்டவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எந்தக் கண்காட்சிக்கும் அம்மாவைக் கூப்பிடவில்லை.

ஒரு வருஷம் கழித்து மாட்டுங்கா மார்க்கெட்டில் பூக்கடைக்கு எதிரே அவரைப் பார்த்தேன். பக்கத்தில் வயதான அம்மாள் ஒருவர், மாமியாராகத்தான் இருக்க வேண்டும். மாட்டுங்கா அம்மா என்னைப் பார்த்துவிட்டார். சிரிக்க ஆரம்பித்த முகம் பாதியில் நின்றது. கண் ஓரமாக மாமியார் பக்கம் ஓடியது. இவளை உனக்கு எப்படித் தெரியும் என்று ஒரு கேள்வி வந்தால் போதும், எல்லாம் வெளியே வந்துவிடும்.

இப்போது வாஷியில் மகள் வீட்டில் இருக்கிறேன். பாட்டி கூச்சக்காரி, யாரைப் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று பேரப்பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். உண்மைதான், வாழ்க்கை பூராவும் அப்படித்தான் திரும்பியிருக்கிறேன். ஆனால் அந்தப் பூக்கடை முன்னால், அவர் என்னைத் தெரியாதவர் மாதிரி நடிக்க வேண்டி வருவதற்கு முன்னால், நானாகவே முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தேனே, அன்றைக்கு எனக்குக் கூச்சமே இல்லை.